முகம் சிவந்து எரியும்போது முதலில் எதை எடுப்பது: சந்தனமா, கற்றாழையா, தேங்காய் எண்ணெயா, ஈரத்துணியா?

போன மே மாதம் கொப்புடையம்மன் திருவிழாவுக்காக மகள் பெங்களூரிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில் நலங்கு மாவை எடுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை முழுசாகப் பிழிந்து குழைத்து முகத்தில் பூசிக்கொண்டாள். "வெயில்ல சீக்கிரம் காயும்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே மொட்டைமாடிக்குப் போய் ஆயாவோடு உட்கார்ந்து வடகம் பிழிந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து கழுவினாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம் கன்னம் எரிகிறது என்றாள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கன்னமும் மேலுதடும் செம்பு நிறத்துக்கு வந்திருந்தன. இடது கன்னத்திலிருந்து தாடை வரை ஒரு கோடு, அதில் பொடிப்பொடியாகக் கொப்புளம். சாறு வழிந்த தடம் அப்படியே வரைந்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு வீட்டில் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆயா (என் அம்மா, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் ஆயா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்) சந்தனக் கல்லை எடுத்து வளவில் உட்கார்ந்து இழைக்கத் தொடங்கினார். எதிர்வீட்டு ஆச்சி ஒரு முழக் கற்றாழை மடலோடு வந்தார். தம்பி மனைவி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். போனில் மகளின் தோழி ஒரு டியூப் பெயரைச் சொல்லி, "கடையில சீட்டே கேக்க மாட்டாங்க, இன்னைக்கே வாங்கிப் போடு" என்றாள். நான்கு பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். நான்கையும் ஒரே முகத்தில் போட முடியாது. எதை முதலில் எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தோல் டாக்டரிடம் கேட்டும், படித்தும், என் முகத்திலேயே பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எலுமிச்சை விஷயம். எலுமிச்சைச் சாற்றிலும், அதைவிட அதிகமாக அதன் தோலில் உள்ள எண்ணெயிலும் ஃபியூரானோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. இவை தோலில் பட்டபின் அதன்மேல் வெயில் விழுந்தால், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் இவற்றைத் தூண்டிவிட்டுத் தோல் செல்களைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், அதன்பின் கருந்தடம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இருக்கும். நம் ஊரில் எலுமிச்சை என்று வாங்குவது சிறிய, புளிப்பு மிகுந்த வகை. மேல்நாட்டுப் பெரிய மஞ்சள் எலுமிச்சையைவிட இந்த வகையால்தான் இப்படிச் சுட்டுக்கொண்டவர்கள் அதிகம்.

நலங்கு மாவிலும் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு மாவில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாவற்றோடும் ஒரு கைப்பிடி கார்போக அரிசியும் போடுவோம். அந்தக் கார்போக அரிசியில் சோராலென் இருக்கிறது, அதே ஃபியூரானோகூமரின் குடும்பம். வெண்புள்ளி உள்ள தோலில் நிறம் வரவழைக்க அதைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது பழைய வைத்திய முறை. அதாவது வெயிலோடு சேர்ந்து வேலை செய்கிற சரக்கு என்று நம் முன்னோருக்கே தெரியும். குளிக்கும்போது தேய்த்து உடனே கழுவும் மாவாக இருந்தவரை அதனால் பெரிய தொந்தரவு வந்ததில்லை. அதை பேக் மாதிரி பூசி, எலுமிச்சையும் கலந்து, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததுதான் வினை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், என்ன பூசுவது என்ற கேள்விக்கு முன்னால் ஏன் சிவந்தது என்ற கேள்வி இருக்கிறது. ஒரே சிவப்பு மாதிரி தெரிந்தாலும், வெயிலில் வெந்தது வேறு, க்ரீம் ஒத்துக்கொள்ளாதது வேறு, மூக்கோரத்தில் செதிலோடு வருவது வேறு, சூடான காபியோ காரமோ உள்ளே போனதும் கன்னம் குப்பென்று சிவந்து வருஷக்கணக்கில் தொடரும் ரோசேசியா வேறு. நம் மாநிறத்தில் சிவப்பு சிவப்பாகவும் தெரியாது, கருமையாகவோ செம்பு நிறமாகவோதான் தெரியும். அதனால் கண்ணாடியை மட்டும் நம்பாமல் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சுடுகிறதா, எரிகிறதா, அரிக்கிறதா, தொட்டால் சொரசொரக்கிறதா? எதை எடுப்பது என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோப்பும் வேண்டாம். நம் தோலின் பி.எச் அளவு சுமார் 5, லேசான அமிலத்தன்மை. சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 என்று இருக்கும். நல்ல தோலே அதற்குப் பின் இயல்புக்குத் திரும்பச் சில மணி நேரம் எடுக்கும், வெந்த தோல் பாவம் என்ன செய்யும்? கடலை மாவும் அப்படித்தான். எத்தனை சலித்தாலும் அதில் நறநறப்பு இருக்கும், சிவந்த தோலில் அதைத் தேய்ப்பது உப்புத்தாள் போடுவது மாதிரி.

ஈரத்துணி

நான்கு பேரும் சொல்லாத ஐந்தாவது வழி இது. எனக்கு இப்போது இதுதான் முதலிடம். பழைய வேட்டியைக் கிழித்த மெல்லிய துணி, நன்றாகத் துவைத்தது. மண்பானைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, முகத்தில் பத்து நிமிஷம் போடவேண்டும். நடுவில் துணி சூடேறியதும் மறுபடி நனைக்கவேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, விரிந்த ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன, எரிச்சல் இறங்குகிறது. மகள் ஆத்தங்குடிக் கல் தரையில் தலையணை போட்டு, முற்றத்துக் காற்றில் துணியோடு படுத்திருந்தாள். இரண்டாவது தடவை துணி மாற்றும்போதே "இப்ப பரவாயில்லம்மா" என்றாள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். செலவில்லை, ஒவ்வாமை வராது, எந்தக் காரணத்தால் சிவந்திருந்தாலும் கெடுதல் இல்லை. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தது வேறு எதிலும் கிடையாது.

குறை ஒன்று உண்டு. துணியை எடுத்த பின் சும்மா விட்டால் தோல் காய்ந்து இழுக்கும். அதனால் ஈரம் லேசாக இருக்கும்போதே மேலே ஏதாவது பூசி மூடவேண்டும். அதை எண்ணெய்ப் பகுதியில் சொல்கிறேன்.

ஐஸ் இன்னும் வேகமாகக் குளிர்விக்குமே என்று தோன்றும். நேராக ஐஸ் கட்டியை வைத்தால் தோல் மரத்துப் போய், குளிரே அதைச் சுட்டுவிடும். ஐஸ்தான் வேண்டுமென்றால் துணிக்குள் சுற்றி, ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள்.

சந்தனம்

ஆயாவின் சந்தனத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எங்கள் வீட்டுக் கட்டை ஆயாவின் கல்யாணச் சீரில் வந்தது, இழைத்தால் முகப்பு வரை மணக்கும். கல்லில் தண்ணீர் விட்டு இழைத்த விழுது பூசியதும் குளிர்ச்சி தருவது உண்மை. அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு விழுதில் இருக்கும் தண்ணீருடையது. அது காயத் தொடங்கியதும் கதை மாறுகிறது. காய்ந்த சந்தனம் தோலை இழுத்துப் பிடிக்கும், அதைச் சுரண்டித் தேய்த்துக் கழுவும்போது ஆறிக்கொண்டிருக்கும் தோல் மறுபடி உரசப்படும். கொப்புளம் இருந்தால் உடைந்தே போகும்.

இன்னொன்று, எல்லோர் வீட்டிலும் ஆயாவின் கட்டை இல்லை. அசல் சந்தனம் விற்கிற விலைக்கு, கடையில் மலிவாகக் கிடைக்கும் சந்தனப் பொடியிலும் வில்லையிலும் சந்தனம் எவ்வளவு இருக்கும், வாசனைப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சிவந்த முகத்துக்கு வாசனைப் பொருள் ஆகவே ஆகாது. சுத்தமான சந்தனமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அசல் கட்டை வீட்டில் இருந்து, தோலில் கீறலோ கொப்புளமோ இல்லாமல் வெறும் வெயில் சூடு மட்டும் என்றால், மெல்லிசாகப் பூசி, காய்வதற்கு முன்பே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மகளுக்குக் கொப்புளம் இருந்ததால் நான் வேண்டாம் என்றேன். ஆயாவுக்கு அன்று முழுக்க வருத்தம்.

கற்றாழை

எதிர்வீட்டு ஆச்சி சொன்னது நல்ல யோசனைதான், எடுக்கும் முறைதான் முக்கியம். மடலை வெட்டியதும் வெட்டுவாயிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசியும். தோலுக்கு அடியில் ஓடும் அந்தப் பாலில் அலோயின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது, அது தோலை எரிக்கும். "கற்றாழை எனக்கு ஒத்துக்காது, போட்டா அரிக்குது" என்று சொல்பவர்களில் சிலருக்கு அரிப்பு தந்தது இந்த மஞ்சள் பாலாகத்தான் இருக்கும். மடலை ஒரு கால் மணி நேரம் வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தி வையுங்கள். பால் வடிந்ததும் கழுவி, இரண்டு பக்க முள்ளையும் சீவி, பச்சைத் தோலைத் தடிமனாக எடுத்துவிட்டு, நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அதையும் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசினால் நல்லது.

இந்தச் சோற்றில் 100க்கு 98, 99 பங்கு தண்ணீர்தான். மீதியில் உள்ள மாவுச்சத்து வகைகள் தோலில் ஈரப்படலமாக நிற்கும். வெயில் சூட்டுக்கும் லேசான எரிச்சலுக்கும் சந்தனத்தைவிட இதையே முன்னால் வைப்பேன். காய்ந்தாலும் உரசித் தேய்க்கத் தேவையில்லை, தண்ணீர் விட்டால் போய்விடும். கொல்லையில் சும்மா வளர்கிறது. ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் வரும், அதற்குமேல் வேண்டாம். கடையில் பச்சை நிறத்தில் மணத்தோடு விற்கும் ஜெல்லை இதோடு சேர்க்காதீர்கள். கற்றாழைச் சோற்றுக்குப் பச்சை நிறமும் கிடையாது, அந்த மணமும் கிடையாது.

தயிர், வெள்ளரி, பன்னீர், மஞ்சள்

வெள்ளரிக்காய் குளிர்ந்த தண்ணீருக்குச் சமம், ஈரத்துணி இருக்கும்போது தனியாக அது தேவையில்லை. தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, கீறலோ கொப்புளமோ உள்ள முகத்தில் சுரீர் என்று எரியும். பால் என்றால் பரவாயில்லை, காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பாலில் துணியை நனைத்துப் போடலாம், பின்னால் தண்ணீரால் துடைத்துவிடவேண்டும். பன்னீர் என்று கல்யாண வீட்டில் தெளிக்க விற்பது பெரும்பாலும் வாசனைத் தண்ணீர், முகத்துக்கு வேண்டாம். மஞ்சளில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதன் நிறம் ஒட்டிக்கொண்டு சிவப்பை மறைத்துவிடும், புண் ஆறுகிறதா பரவுகிறதா என்று தெரியாமல் போகும். கடை மஞ்சள்தூளில் கலப்பட நிறம் இருக்கவும் கூடும். பற்பசை தடவுவது சில வீட்டில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஓட்ஸ்

ஓட்ஸ் என்றதும் ஆயா முகம் சுளித்தார், நம் ஊர்ப் பொருள் இல்லையே என்று. ஆனால் சமையலறைப் பொருள்களில் எரிச்சல், அரிப்பு இரண்டுக்கும் மிகக் கெட்டியான ஆதாரம் உள்ளது இதற்குத்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-ல் நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோலைக் காக்கும் பொருளாக ஏற்றுக்கொண்டது. அவெனாந்த்ரமைடு என்ற பொருள் அரிப்பைக் குறைக்கிறது, பீட்டா குளுக்கான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

சர்க்கரையோ மசாலாவோ சேர்க்காத வெறும் ஓட்ஸாக வாங்குங்கள். மிக்ஸியில் டால்கம் பவுடர் மாதிரி ஆகும்வரை அரையுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி வெளுத்து நிற்கவேண்டும். அடியில் தங்கிவிட்டால் இன்னும் அரைக்கவேண்டும். அந்தப் பாலில் துணியை நனைத்துப் பத்து நிமிஷம் முகத்தில் போடுங்கள். தேய்க்கவே கூடாது. மகளுக்கு மூன்றாம் நாள் அரிப்பு தொடங்கியபோது இதுதான் கைகொடுத்தது. அரிப்பு இல்லாமல் சூடு மட்டும்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், வெறும் தண்ணீரே போதும்.

தேங்காய் எண்ணெய்

இதில்தான் ஒரே வீட்டில் இரண்டு பதில் வந்தது. மகளுக்கு முதல் நான்கு நாள் எண்ணெய் தொடவிடவில்லை. கொப்புளம் அடங்கி, தோல் வறண்டு உரியத் தொடங்கியபின் இரவில் இரண்டு சொட்டுத் தடவினாள், நன்றாகவே ஆறியது. வறண்ட, அரிக்கும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல மூடாக்கு.

என் முகம் வேறு ரகம். எனக்குப் பல வருஷமாக மூக்கின் இரண்டு ஓரமும் புருவமும் சிவந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு செதில் விடும், தலையில் பொடுகும் உண்டு. வறட்சி என்று நினைத்து தினமும் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அது கூடிக்கொண்டே போனது. எல்லோர் தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வாழ்கிறது. அது கொழுப்பு அமிலங்களைத் தின்று வளரும் ரகம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதற்கு நல்ல தீனி. நான் வைத்தியம் என்று நினைத்துச் செய்தது அதற்குச் சோறு போட்டதாகிவிட்டது. எண்ணெயை நிறுத்தி, டாக்டர் சொன்ன பூஞ்சைக்கான ஷாம்பூவும் களிம்பும் போட்ட பிறகுதான் அடங்கியது. உங்களுக்கும் சிவப்பு மூக்கோரத்திலும் புருவத்திலும் செதிலோடு இருந்தால், பொடுகும் இருந்தால், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் முகத்துக்கு வேண்டாம். பரு வரும் முகத்துக்கும் அப்படியே.

எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈரத்துணிக்குப் பின் எதை வைத்து மூடுவது? வாசனை சேர்க்காத வெள்ளை வாஸலின். ஒட்டும், மே மாதத்தில் கசகசக்கும், ஆனால் ஒவ்வாமை தர அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அரிசியளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, ஈரக் கன்னத்தில் ஒற்றினால் போதும். சூடு தணிவதற்கு முன்னால் மட்டும் பூசாதீர்கள். கசகசப்பு ஆகாதவர்களுக்கும் அரிப்பு இருப்பவர்களுக்கும் மருந்துக்கடையில் கேலமைன் லோஷன் இருக்கிறது, ஆனால் செதில் விடும் வறண்ட முகத்தை அது இன்னும் காயவைக்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு இடத்தில் மட்டும் போட்டியே இல்லை. எங்கள் பக்கம் மசாலாவுக்கு வற்றல் கிள்ளிய கையை மறந்துபோய் முகத்தில் வைத்துக்கொள்ளாத பெண் கிடையாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் காரம் முகமெல்லாம் பரவும். துணியில் எண்ணெய் தொட்டு, ஒரே பக்கமாகத் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். கண்ணுக்குள் போயிருந்தால் எண்ணெய் வேண்டாம், நிறையச் சுத்தமான தண்ணீர்தான்.

அந்த டியூப்

மகளின் தோழி சொன்னது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு. போட்ட இரண்டு நாளில் சிவப்பு காணாமல் போகும், அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு மாதிரி ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும், மறுபடி அதையே போடவைக்கும். நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் இதற்கென்றே ஒரு தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு இந்த முகங்களைப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடை இருக்கிறது என்பதற்காக அது வீட்டு வைத்தியம் ஆகிவிடாது. வெளுப்பாக்கும் க்ரீம்களிலும் இதே ஸ்டீராய்டும் சில சமயம் பாதரசமும் பிடிபட்டிருக்கின்றன. பல மாதமாக அப்படி ஒன்றைப் போட்டுவந்து முகம் சிவந்திருந்தால், கற்றாழை, ஓட்ஸ் என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

வேறு சில சிவப்புக்கும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நெற்றியிலோ கண்ணோரத்திலோ ஒரு பக்கம் மட்டும் வலியோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். எங்கள் பக்கம் மண்பானை செய்யும் வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மனத்துக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதே நாளில் டாக்டரையும் பாருங்கள். அக்கி வைரஸால் வருவது, அதற்கான மருந்தைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கண்ணருகில் வந்த அக்கியை விட்டுவைத்தால் பார்வையே போகலாம். காய்ச்சலோடு ஒரு கன்னம் மட்டும் சூடாக வீங்கிப் பரவுவது, கண் இமையோ உதடோ திடீரென்று வீங்குவது, மூக்குத் தண்டும் இரு கன்னமும் சிவந்து கூடவே மூட்டு வலியும் இருப்பது எல்லாம் டாக்டருக்கு உரியவைதான்.

எதை எடுத்தாலும் முதல் தடவை நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவு தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போங்கள். ஒரு சமயத்தில் ஒரு பொருள் போதும். இரண்டைச் சேர்த்துப் போட்டு எரிந்தால் எது எரித்தது என்று சொல்ல முடியாது.

மகளை நான்காம் நாள் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். தாடையில் இருந்த கோட்டைப் பார்த்ததுமே, "எலுமிச்சை போட்டீங்களா?" என்று கேட்டார். ஐந்து நாளைக்கு மட்டும் ஒரு மென்மையான களிம்பு எழுதிக்கொடுத்து, ஈரத்துணியைத் தொடரச் சொன்னார். ஆறிய பிறகு வெளியே போனால் துத்தநாகம் கலந்த, எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். திருவிழாவுக்கு அவள் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். எரிச்சல் ஒரு வாரத்தில் போனது. தாடையிலிருந்த கருங்கோடு புரட்டாசி வரை இருந்து, தீபாவளிக்கு வந்தபோது தேடினால்தான் தெரிந்தது.

அந்தத் தீபாவளிக்கு நலங்கு மாவு அரைக்கக் கொடுப்பதற்காக ஆயா சாமான்களை முறத்தில் பரப்பி வைத்திருந்தார். கார்போக அரிசியை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மற்றதைப் பையில் கொட்டி என்னிடம் கொடுத்தார்.